மிச்சம் விழாத நாள்

"அந்த முப்பதும் நேத்து மிஞ்சினதுதானே?" என்று கேட்டான் தோனினு.

"தெரிஞ்சுக்கிட்டே கேக்காதே. அடுப்புல ரெண்டு நிமிஷம் காட்டினா எல்லாம் புதுசுதான்," என்றாள் அவன் மனைவி ஃபிலுமேனா.

"பாவம், அந்த ஸ்வீடன்காரி."

"என்ன பாவம்? ஒத்தைக் கட்டை. நாலு மாசமா தினம் முப்பது பஸ்டிட்ஸி வாங்கறா. அவளா திங்கறா? தெருப்பூனைக்குப் போடறா. இந்த மால்டாவுல மனுஷனைவிடப் பூனைதான் அதிகம். பூனைக்கு எதுக்கு இன்னைக்குச் சுட்டது?"



பாலாடைக்கட்டியோ பட்டாணியோ வைத்து மடித்து, மொறுமொறுவென்று சுடுகிற பஸ்டிட்ஸி. அந்தக் கடையில் விற்பது அது ஒன்றுதான். ஊர்க்கோடியில் சூப்பர் மார்க்கெட் வந்த பிறகு வேறு யாரும் முழுசாகப் பத்து வாங்குவதில்லை. ஸ்வீடன்காரி குன்வோரின் முப்பது இல்லாவிட்டால் அடுப்பைப் பற்ற வைப்பதே வீண். அவளும் என்றைக்கு வராமல் போவாளோ என்று ஃபிலுமேனாவுக்குத் தினமும் பயம்.

"பச்சை வாழ்க!" வாசலில் விட்டோரின் குரல். பச்சைக்கொடி பேண்டு சங்கத்துச் செயலாளர். தோனினு அதில்தான் டிரம்பெட் வாசிக்கிறான். "திருநாள் வாழ்த்து, ஃபிலுமேனா! சாயங்காலம் ஊர்வலத்துல உனக்கு முன்வரிசை!"

"அது இருக்கட்டும். கையில என்ன பெட்டி?"

"இதுவா... சங்கத்துல எல்லாருக்கும் பஸ்டிட்ஸி. சூப்பர் மார்க்கெட்ல உறைய வெச்சு விக்கறான், மலிவு. கோச்சுக்காதே, நீ நம்ம வீட்டுப் பொண்ணு!"

"நம்ம வீட்டுப் பொண்ணு கையால திங்க மட்டும் வலிக்குது," என்று அவன் போனபின் முணுமுணுத்தாள்.

எதிரே போட்டி பேண்டான சிவப்புக்கொடி சங்கம். அதன் தலைவர் சால்வு வழக்கம்போல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஃபிலுமேனா பார்த்ததும் வழக்கம்போல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு திருவிழாவில், சால்வுவின் டிராம்போனையும் ஒரு கழுதையையும் சேர்த்துத் தோனினு பாட்டுக் கட்டிவிட்டான். மறுநாளே சால்வு புனிதரின் சிலைக்கு முன்னால் சத்தியம் செய்தார்: "எங்க ஆளு ஒருத்தன்கூட அந்தக் கடை வாசலை மிதிக்க மாட்டான்."

இன்றுவரை மிதிக்கவில்லை.

"இன்னைக்கு நம்ம புனிதர் திருநாள்," என்றான் தோனினு மெதுவாக. "பூனைக்கும் திருநாள்தானே? ஒரு நாளாவது புதுசைக் குடேன்."

"நீயும் உன் திருநாளும்!" என்று எரிந்து விழுந்தாள். ஆனாலும் பழைய முப்பதையும் தட்டோடு பின்னால் தள்ளித் துணி போட்டு மூடினாள்.

பத்து மணிக்குக் குன்வோர் வந்தாள். புத்தகம் வைத்து இந்த ஊர்ப் பேச்சைக் கற்றவள். புத்தகம் போலவே பேசுவாள்.

"முப்பது தாருங்கள். அடடா, மிகவும் சூடாக இருக்கின்றனவே!"

"திருநாள்," என்றாள் ஃபிலுமேனா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் பத்து மணிக்குக் குன்வோர் வந்தபோது கையில் பை இல்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"இன்று எனக்கு வேண்டாம். மகிழ்ச்சியான செய்தி! என் வேலை முடிந்துவிட்டது."

ஃபிலுமேனாவுக்குத் திக்கென்றது. "அப்ப உங்க பூனைங்க?"

"பூனையா? பூனை அருகில் வந்தால் எனக்குத் தும்மல் நிற்காதே!"

"பின்னே, தினம் முப்பது?"

குன்வோர் எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "சொல்லக் கூடாது என்றார். இனிமேல் சொன்னால் என்ன? எல்லாம் சிவப்புச் சங்கத்துக்குத்தான். வாசலை மிதிக்க மாட்டோம் என்றுதானே சத்தியம் செய்தோம், தின்ன மாட்டோம் என்று செய்யவில்லையே என்றார் சால்வு. எனக்குத்தான் எந்தக் கொடியும் இல்லை. அதனால் என்னை அனுப்பினார்."

"நாலு மாசமா... அதையா தின்னாங்க?"

"முதல் நாளே ஒருவர் முகம் சுளித்தார். சால்வு அவரை அதட்டினார். அப்படியே சொல்லட்டுமா?" குன்வோர் சால்வுவைப் போலவே விரலை ஆட்டினாள். "'பழசுன்னு எனக்கும் தெரியுதுடா. விக்காம மிஞ்சுது, அவ என்ன பண்ணுவா? வாயை மூடிக்கிட்டுத் தின்னு. அந்தக் கடையை மூடிட்டா அப்புறம் தினம் நான் யாரைப் பாத்து முகத்தைத் திருப்பிக்கிறது?'"

ஃபிலுமேனா குனிந்து மேஜையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"நேற்று சுடச்சுடப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்! 'மிச்சம் விழல! வியாபாரம் தேறிடுச்சு. இனிமேலும் வாங்கினா தர்மம் போடற மாதிரி ஆயிடும், அவளுக்குத்தான் அவமானம். இதோட போதும்' என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்."

பின்னால் நின்ற தோனினு ஏதோ சொல்ல வாய் திறந்தான். ஃபிலுமேனா அவன் காலை மிதித்தாள்.

எதிரே சால்வு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நிமிர்ந்ததும் அவசரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்றும் ஒன்றும் மிஞ்சவில்லையே?" என்று கேட்டாள் குன்வோர், கவலையோடு. "கேட்டு வரச் சொன்னார்."

ஃபிலுமேனா கையைப் பின்னால் நீட்டி, முந்தாநாள் சுட்ட முப்பதின் மேல் கிடந்த துணியை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினாள்.

"ஒண்ணுகூட இல்லைன்னு சொல்லுங்க," என்றாள்.