காட்டிய தோள்

தோள்பட்டைக்குள் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி வலி. சட்டை மாட்டக்கூட முடியவில்லை.

முதல் டாக்டர் என் இடது தோளை எக்ஸ்ரே எடுத்தார். "எலும்பு சுத்தமா இருக்கு பெரியவரே."

இரண்டாவது டாக்டர் அதே தோளில் ஸ்கேன் எடுத்தார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஊசியும் போட்டார்.

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு ஊசி?"

"பேசாம வாங்கப்பா" என்று மகள் இழுத்துப் போனாள்.

மூன்றாவது டாக்டர் எல்லாப் படங்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்பாவுக்கு மனசுல ஏதாச்சும் கஷ்டமா?" என்று மகளிடம் கேட்டார்.

இனிமேலும் வலியைத் தாங்க முடியாது.

"உண்மையைச் சொல்லிடறேன் டாக்டர். வலிக்கிறது இந்தப் பக்கம்." வலது தோளைத் தொட்டேன்.

மகள் வாயைப் பிளந்தாள். "அப்புறம் ஏன்ப்பா எல்லார்கிட்டயும் இடது தோளைக் காட்டுனீங்க?"

"டாக்டர்னா தானா கண்டுபிடிக்கணும்ல? நிஜ டாக்டரா, போலியான்னு சோதிச்சேன்."

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பாத்தீங்களா?" என்றார் மகளிடம். "இல்லாத வலிதான் இப்படி இடம் மாறும். அதுக்கு ஒரு கதையும் சொல்வாங்க. இந்த வயசுல சகஜம்மா."

"மாறலை டாக்டர். சத்தியமா ஆரம்பத்துலேருந்து இங்கதான். ஒரே ஒரு படம் எடுத்துப் பாருங்க."

"எடுக்கலாம், எடுக்கலாம். மொதல்ல நல்லாத் தூங்குங்க." தூக்க மாத்திரை எழுதினார்.

"நீயாவது நம்பும்மா" என்றேன்.

"எதைப்பா நம்புறது?" என்றவள் என் வலது கையைப் பிடித்து எழுப்பினாள். அலறிவிட்டேன்.

"சரிப்பா, சரிப்பா" என்று, குழந்தையைத் தேற்றுவதுபோல் அந்தத் தோளிலேயே தட்டிக்கொடுத்தாள்.