பாதை ஊமையானபோது

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஜெர்மனியில் எங்கள் ஐஃபெல் மலையில் ஒரு முற்பகலைச் சொல்கிறேன்.

மழை விட்டு, வெயில் வெளிறிக் கிடக்கிறது. வாடகைக்குக் கார் விடும் ரோஸ்விதாவின் முற்றத்தில், ஈர டயர்களுக்கு நடுவே நிற்கிறோம். காசு கட்டினால் யாரும் கார் ஓட்டலாம் என்று விட்டிருக்கும், காட்டுக்குள் ஓடும் பந்தயப் பாதையின் இரைச்சல் சட்டென்று அறுந்துபோகிறது. வெளியூர்க்காரர்களுக்கு அந்த இரைச்சல்தான் பயம். எங்களுக்கு அது நின்றால் பயம். யாராவது மோதினால்தான் பாதையை மூடுவார்கள். ரோஸ்விதாவின் சாம்பல்நிறக் கார் பாதைக்குள்ளே இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த ஒருவர் ஓட்டுகிறார். வளைவுகளைச் சொல்லித்தர அவள் மகள் ஸ்வென்யா பக்கத்தில் போயிருக்கிறாள். “போன் போட்டுப் பாரேன்” என்கிறேன். “வேணாம்க்கா. எடுக்கலைன்னா?” மெக்கானிக் டெட்லெஃப் சிரிக்கப் பார்க்கிறான். “உன் பொண்ணு போடுற அதட்டலுக்கு அந்த ஆளு மாட்டுவண்டி மாதிரிதான் ஓட்டியிருப்பான்.” “வாய மூடுடா, கேக்கவிடு.” ரோஸ்விதாவின் கையில் சாய்ந்த கோப்பையிலிருந்து காப்பி அவள் செருப்பில் சொட்டுகிறது. ஆம்புலன்ஸின் ஊளை மேடேறி மரங்களுக்குள் மங்குகிறது.

நேரம் கழித்து, உள்ளே நின்ற கார்கள் ஊர்ந்து வெளியே வருகின்றன. சிவப்பு. வெள்ளை. பிறகு சாம்பல்நிறம். ஓட்டுவது ஸ்வென்யா. பக்கத்தில் அந்த மனிதர் கைகளைக் கோத்துக்கொண்டு அழுகிறார். “எங்களுக்கு முன்னால போன வண்டிம்மா” என்கிறாள். ரோஸ்விதா மகளின் கன்னத்தைப் பிடித்தபடி, அடுத்த வாடகைக் கடை வாசலைப் பார்க்கிறாள். அங்கே ஒருத்தி இன்னும் சாலையையே பார்த்து நிற்கிறாள்.

உங்கள் வீட்டிலிருந்து கிளம்பியவர்கள் எல்லாரும் விளக்கேற்றுமுன் திரும்பி வரட்டும், கண்ணுகளா.