கையில் கட்டிய பேர்

"உங்க பேரைச் சொல்லுங்க ஐயா," என்றாள் நர்ஸ், ரத்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு.

கட்டிலருகே நின்ற மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எத்தனை தடவைம்மா நான் சொல்றது? அவர் கையில கட்டியிருக்கிற பட்டையிலயும் அதே பேர்தானே இருக்கு?"

"அதுவும் நீங்க சொல்லி நாங்க கட்டினதுதாம்மா. ரத்தம் ஏத்துறதுக்கு முன்னாடி அவர் வாயால சொல்லணும்."

"காலையிலதான் தொண்டைக் குழாயையே எடுத்தாங்க. இந்த மனுஷனைப் போய் ஏன் இந்தப் பாடு படுத்துறே? நல்லா இருந்தப்பவே வாயைத் திறக்க மாட்டாரு!"

தொழிற்சாலையில் பாய்லர் வெடித்து, முகமெல்லாம் கட்டோடு வந்து சேர்ந்தவர்கள் இரண்டு பேர். பக்கத்துக் கட்டில்காரர் நேற்று போய்விட்டார். இவராவது தப்பினாரே என்று அவள் கும்பிடாத சாமி இல்லை.

"மெதுவாச் சொல்லுங்க ஐயா, அவசரமில்லை."

கட்டுக்குள்ளிருந்து உதடுகள் அசைந்தன. கரகரத்த குரலில் ஒரு பேர் வந்தது.

நர்ஸ் பட்டையைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். மாட்டாமல் கீழே வைத்துவிட்டாள்.

நேற்று பக்கத்துக் கட்டிலில் விழுந்து ஒருத்தி அலறி அழுத பேர் அது.

"மனசைத் தேத்திக்கம்மா, விதி யாரை விட்டுச்சு?" என்று அவளைக் கட்டிப்பிடித்துச் சொன்னது இவள்தான். போர்த்தி அனுப்பத் துணியில்லாமல் அவள் தவித்தபோது, தன் புருஷனுக்கென்று வாங்கி வந்த புதுப் போர்வையை எடுத்துக் கொடுத்ததும் இவள்தான்.

போர்வை, போக வேண்டிய ஆளுக்குத்தான் போயிருந்தது.