ஜெயித்த தட்டு

ஒரே பாட்டின் இசைத்தட்டு இரண்டை ஒருவர் தேடிப்பிடித்து வாங்கிவந்தார். இரண்டையும் போட்டுப் பார்த்து, நன்றாக ஒலிப்பதை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுவது அவர் வழக்கம்.

"கழிச்சதை என்ன பண்ணுவாரு, அக்கா?" என்று பளபளப்பான தட்டு கிராமபோன் ஊசியிடம் கேட்டது.

"பழைய தட்டுல சுவர்க் கடிகாரம் செய்யறவன்கிட்ட குடுத்துடுவாரு."

கீறல் விழுந்த தட்டு சிரித்தது. "அது எனக்குத்தான். நீ கவலைப்படாதே தம்பி, தினமும் இந்த வீட்டுல பாடப்போறே."

முதலில் கீறல் தட்டு பாடியது. சரணத்தில் ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னது. அவர் முகம் சுளித்து எடுத்துவிட்டார்.

அடுத்தது பாடியபோது, பாடகி மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் அதைத் துடைத்து, உறையிலிட்டு, உறையின் வாயை ஒட்டி, அலமாரியில் செருகினார்.

"அக்கா, நாளைக்கு எப்போ பாடணும்?" என்று தட்டு உள்ளிருந்து கத்தியது.

ஊசிக்குக் கேட்கவில்லை. பக்கத்து உறையிலிருந்த தட்டுதான் பேசியது. "கத்தாதேப்பா. ஊசி பட்டா நாம தேஞ்சுடுவோமாம். அதனால எடுக்க மாட்டாரு."

"நீங்க கடைசியா எப்போ பாடினீங்க?"

"ஜெயிச்ச அன்னிக்கு. பதினோரு வருஷமாச்சு."

"அவருக்குப் பாட்டு கேக்கணும்னு தோணினா?"

பதில் வருவதற்குள், கூடத்தில் அவர் ரேடியோவைத் திருகும் சத்தம் கேட்டது.