நாலு கேள்வி

அந்தப் பெண்ணின் கையிலிருந்த தாளைப் பார்த்ததுமே பெரிய டீச்சருக்கு மூட்டுவலி மறந்துபோனது.

'கருக்கலைப்பு மாத்திரை: தெரிந்துகொள்ள வேண்டியவை' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அவளுக்கு வயது இருபது இருக்குமா? பக்கத்தில் அம்மா, தலை குனிந்தபடி.

முப்பத்திரண்டு வருஷம் தலைமையாசிரியையாக இருந்தவர் பெரிய டீச்சர். ஓய்வு கிடைத்தது வேலைக்குத்தான், உபதேசத்துக்கு இல்லை.

இந்த மகளிர் மருத்துவமனையில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், டோக்கன் நம்பர்தான். யார் எதற்கு வந்தார்கள் என்று அடுத்தவருக்குத் தெரியக்கூடாதாம். டீச்சருக்கா தெரியாது? டோக்கன் பதினேழு அந்தப் பெண்ணின் கையில்தானே இருக்கிறது!

"காலேஜா?"

"ஆமாங்க. கடைசி வருஷம்."

"படிக்க அனுப்பினா, இதான் நீ படிச்ச லட்சணமா?"

அந்தப் பெண் என்னவோ சொல்ல வந்து, அம்மாவைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

"இல்லைங்க, அவ வந்து..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"விடும்மா." மகள் அவள் கையை அழுத்தினாள்.

"நீங்க சும்மா இருங்கம்மா. நான் டீச்சரா இருந்தவ, இவள மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்! நீங்க குடுத்த செல்லம்தான் இது. பாவம், உங்க முகமே வெளிறிப் போயிருக்கு."

மகள் ஒரு புளிப்பு மிட்டாயைப் பிரித்து அம்மாவிடம் நீட்டினாள். செய்வதையும் செய்துவிட்டு ஐஸ் வேறு வைக்கிறாள் என்று டீச்சருக்கு எரிந்தது.

"யாருடி அந்த ஆளு? நம்பரைக் குடு. நறுக்குனு நாலு கேள்வி நான் கேக்குறேன்!"

ஹாலில் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் புரட்டுவதை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெண்ணின் கண் கலங்கியது.

"பதினேழு!"

இருவரும் உள்ளே போனார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. டீச்சர் மூட்டைப் பிடித்துக்கொண்டு, கதவுப் பக்கமாக இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். டாக்டரின் குரல் நன்றாகவே கேட்டது.

"பெத்துக்கலாம், பெத்துத் தத்துக் குடுக்கலாம், இல்ல கலைக்கலாம். முடிவு உங்களோடது. யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தலையே? சரி. முதல் மாத்திரை இப்போ. மீதி மாத்திரை ரெண்டு நாள்ல, வீட்டுலயே. வயித்துவலியும் ரத்தப்போக்கும் இருக்கும். ஆனா மணிக்கு ரெண்டு நாப்கின் நனைஞ்சு, அது ரெண்டு மணி நேரம் நீடிச்சா உடனே வந்துடுங்க. யாராவது கூட இருக்கணும்."

இந்தக் கழுதைக்கு 'நீங்க', 'உங்க' என்று மரியாதை ஒரு கேடு!

வெளியே வந்ததும் டீச்சர் மறித்தார். "நம்பர் கேட்டேனே?"

மகள் மறுபடி கையை அழுத்தினாள். இந்தத் தடவை அம்மா உதறிவிட்டாள்.

"எனக்காக நீ வாங்கிக் கட்டிக்கிட்டது போதும்டி" என்றவள், டீச்சருக்கு நேராக வந்து நின்றாள். "எழுதிக்கங்க, சொல்றேன்."

டீச்சர் ஆவலாகப் பேனாவை எடுத்தார். "யாரோட நம்பர்?"

"என் வீட்டுக்காரரோடது. மாத்திரை எனக்கு. இந்த வயசுல மானம் போகுதுன்னு அவர் வீட்டோட உட்கார்ந்துட்டார். துணைக்கு வந்தது இவதான். நாலு கேள்வின்னு சொன்னீங்கல்ல டீச்சர்? எனக்காக ஒண்ணு சேர்த்து, அஞ்சாக் கேட்டுடுங்க."