தாத்தா தவறவிட்ட கப்பல்

“உங்கள் தாத்தாவுமா?”

தேர்வாளர் ஆங்கிலத்தில்தான் கேட்டார். சலிப்புக்கு மொழி ஏது?

அவள் பாதி வாக்கியத்தில் நின்றாள்.

நாகப்பட்டினம் துறைமுகம். சுருட்டு வாங்கப் போன தாத்தா. அவரை விட்டுவிட்டுக் கிளம்பி நடுக்கடலில் மூழ்கிய கப்பல். அதுவரை வந்திருந்தாள். ‘அவர் ஏறியிருந்தால் நான் பிறந்தே இருக்கமாட்டேன்’ மட்டும் பாக்கி.

“காலையிலிருந்து நாலு தாத்தா. நாலு பேரும் சுருட்டு வாங்கத்தான் போயிருக்கிறார்கள்.”

எல்லாம் தனுஷ்கோடி மாஸ்டர் கைங்கரியம்.

கோச்சிங் வகுப்பில் அவள்தான் முதலில் இந்தக் கதையைச் சொன்னாள். அவளுடைய தாத்தா, அவளுடைய கப்பல். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார், சரித்திரமே தன்னிடம் டியூஷனுக்கு வந்ததுபோல.

“ஆர்குவபிளி, கன்சீவபிளி, இன் ஆல் ப்ராபபிலிட்டி... எல்லாம் ‘ஒருவேளை’தான், நடுநடுவுல தூவும்மா. இல்லேன்னா வரலாறு மாதிரி இருக்காது, வதந்தி மாதிரி இருக்கும்.”

தூவிய பிறகு, வகுப்பில் எல்லோரையும் அதையே மனப்பாடம் செய்யவைத்தார்.

ஏற்கெனவே இரண்டு முறை இந்த ஆங்கிலப் பேச்சுத் தேர்வில்தான் கவிழ்ந்திருந்தாள். அயர்லாந்தில் நர்ஸ் வேலை காத்திருந்தது. இதற்கு மேல் காத்திருக்காது என்று மெயிலும் வந்தாயிற்று.

இது நிஜமாகவே என் தாத்தா சார் என்று சொல்லலாம்.

அந்த நாலு பேரும் அதைச் சொல்லாமலா இருந்திருப்பார்கள்?

நர்ஸிங் காலேஜில் சேர்ந்த அன்று அவளுடைய ட்ரங்குப் பெட்டியைத் தலையில் சுமந்து வந்தவர் தாத்தா. தொண்ணூறைத் தாண்டி, போன தையில், தூக்கத்திலேயே போனார். அப்போதும் அவள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

தேர்வாளரின் பேனா தாளை நெருங்கியது.

“என் தாத்தாவுக்குச் சுருட்டுப் பழக்கம் இல்லை சார்,” என்றாள். “அவர் கப்பலில் ஏறிவிட்டார்.”

பேனா நின்றது.

பாட்டி வயிற்றில் அப்பா. கரையிலிருந்து பாட்டி கையசைத்தாள். தாத்தாவும் அசைத்தார். உடல்கூடக் கிடைக்கவில்லை.

ஒரு ஆர்குவபிளி இல்லை. ஒரு ஒருவேளைகூட இல்லை.

தேர்வாளர் முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

“ஐயாம் ஸோ ஸாரி.”

போன தையில் வராத அழுகை அப்போது வந்தது.

அவர் மெல்லத் தலையாட்டிக்கொண்டே எழுதத் தொடங்கினார்.