ஆரஞ்சுத் தோல் ஸ்டவுட்

"குடிச்சுப் பாரு!" என்று அண்ணன் இரண்டு கிளாஸ்களைத் தம்பி முன்னால் வைத்தார்.

இரண்டிலும் கறுப்பு ஸ்டவுட் பீர். ஒன்று, அவர்களுடைய சிறிய பீர் ஆலை குளிர்காலத்துக்கென்றே காய்ச்சுவது. மற்றது, பக்கத்துத் தெருவில் புதிதாகத் திறந்த ஆலையில் வாங்கி வந்தது.

தம்பி இரண்டையும் குடித்துப் பார்த்தான். அதே ஆரஞ்சுத் தோல் மணம், அதே காப்பிக் கசப்பு.

"அச்சு அசலா நம்ம ருசிண்ணா."

"இந்தப் பக்குவம் உனக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்? ஏன்டா வித்தே?"

"நான் விக்கலை."

"கூடப் பிறந்தவன்னு பார்க்க மாட்டேன். போலீசைக் கூப்பிடுவேன்!" அண்ணன் போனை எடுத்தார்.

தம்பி அவர் கையைப் பிடித்துத் தடுத்தான். "அந்த ஆலையே அண்ணியோடதுதான். இந்த ஸ்டவுட்டைக் கண்டுபிடிச்சதும் அவங்கதானே? விவாகரத்து ஆகிப் போறப்ப, ஒரு துரும்பைக்கூட எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னீங்க. அவங்களும் எடுக்கலை. கைப்பக்குவத்தை எப்படிண்ணா விட்டுட்டுப் போவாங்க?"

அண்ணன் போனை மேசைமேல் வைத்தார்.

பிறகு மெல்லக் கேட்டார்: "அவ கடைக்குக் கூட்டம் வருதா?"

"நிக்க இடமில்லைண்ணா."